எனக்கு வருது, நிப்பாட்டு

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் சாலையில் ஒரு வளைவுக்கு எங்கள் ஜீப்பில் வந்தவர்கள் 'வெளிக்கி வளைவு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் வந்தது ஓர் அக்காவால். ஆனால் அந்த வளைவில் வயிறு கலங்கியது அக்காவுக்கு இல்லை. எனக்கு. ஜீப்பில் வந்த யாருக்கும் இது ரொம்ப நாள் தெரியாது.

எனக்கு அப்போது முப்பது வயது நடந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு ஏழெட்டு வயது கூட இருக்கும். மலைக்கு மேலே கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு எங்கள் ஊர்களிலிருந்து தினமும் ஜீப் ஜீப்பாக ஆட்கள் போவோம். விடிகிற நேரத்தில் ஏறினால் பொழுது சாய்ந்து திரும்புவோம். பத்துப் பேர் உட்காரக்கூடிய வண்டியில் இருபது பேர். ஆண்கள் நானும் இன்னும் இரண்டு பேரும்தான், மற்ற எல்லாரும் பெண்கள். நான் பின்பக்கம் ஓரமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் மேலும் படாமல் ஒடுங்கி உட்கார்ந்திருப்பேன்.

மூன்று வளைவு ஏறியதும் ஆரம்பிக்கும். முதலில் தொப்புளைச் சுற்றி ஏதோ உருளும். பிறகு அடிவயிற்றை ஈரத்துணி மாதிரி யாரோ முறுக்குவார்கள். காது அடைத்து, அந்தக் குளிரிலும் கழுத்தில் வேர்த்து வழியும். இத்தனை பெண்கள் நடுவில் வாயைத் திறந்து எப்படிச் சொல்வது? வண்டியிலிருந்து குதித்துவிடுவது சுலபம் என்று தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு தோட்டம் வரை போய், இறங்கியதும் ஓடுவேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். விட்டால் வேறு என்ன வேலைக்குப் போவது என்று தெரியாமல்தான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அக்கா முன்சீட்டில் வருவார். ஒருநாள் பின்னால் இருந்த யாரிடமோ வெற்றிலை கேட்கத் திரும்பியவர் என் முகத்தைப் பார்த்தார். வெற்றிலையை வாங்கவில்லை.

"ஏலே டிரைவரு, நிப்பாட்டு."

"இங்கனயா? வளைவாச்சே அக்கா இது."

"வளைவா இருந்தா என்ன, நேரா இருந்தா என்ன. எனக்கு வருது, நிப்பாட்டு!"

ஜீப் முழுக்கச் சிரிப்பு. "ராத்திரி என்னத்தத் தின்ன ஆத்தா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒங்க வீட்டுக் கொழம்பத்தான். வேற எதுக்கு இப்பிடிப் பிடுங்கும்?" என்றபடி அக்கா இறங்கினார். இறங்கிய கையோடு எங்களைப் பார்த்து, "ஆம்பளைக பூராம் எறங்கி அந்தப் பக்கமாப் போங்கப்பா. பாத்துக்கிட்டா நிப்பீக? போயி பீடியக் குடிங்க" என்று விரட்டினார்.

நான் அந்தப் பக்கம் போனேன். போய்விட்டுத் திரும்பி வந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் அக்கா உண்ணிச் செடிக்குப் பின்னாலிருந்து வந்தார். தற்செயல் என்று நினைத்தேன். மறுநாளும் அதே இடத்தில் அதே சத்தம். நான்காவது நாள் ஒன்றைக் கவனித்தேன். அக்கா தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போவதே இல்லை. அது ஒவ்வொரு நாளும் என் காலடியில் இருந்தது.

அக்காவுக்கு அது ஒரு குணம். அடுத்தவர்கள் கூசிப் போகிற எதையும் தன்னுடையது என்று சொல்லிவிடுவார். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் வளைவு ஒத்துக்கொள்ளாமல் ஜீப்புக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டாள். டிரைவர் வைய ஆரம்பித்ததும், "நான்தான்டா எடுத்தேன், என்னைய வையி" என்றார் அக்கா. முன்சீட்டில் இருந்தவர் பின்சீட்டில் எப்படி வாந்தி எடுத்திருப்பார் என்று டிரைவர் கேட்கவில்லை. இன்னொரு நாள் மதியச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கூடம் நின்று வேலைக்கு வந்திருந்த ஒரு பிள்ளை எழுந்தது. அக்கா கையிலிருந்த தூக்குவாளி சரிந்து, புளிக்குழம்பு முழுவதும் அந்தப் பிள்ளையின் பாவாடையில் பின்பக்கமாகக் கொட்டியது. அந்தப் பிள்ளையின் அம்மா, "கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? புதுப் பாவாட" என்று கத்தினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "கை தவறிருச்சும்மா" என்று பிள்ளையை ஓடைக்குக் கூட்டிப் போனார். பாவாடையில் குழம்புக்கு முன்பே என்ன இருந்தது என்று எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. அன்று அக்கா வெறும் சோற்றைத் தின்றார்.

என்னிடம் ஒரு மாதம் கழித்துத்தான் பேச்சைத் தொடங்கினார். மருந்தடிக்கும் டிரம்மை ஓடையில் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து கல்லில் உட்கார்ந்தார்.

"காலையில என்னப்பா குடிக்கிற?"

"கட்டஞ்சாயா."

"வெறும் வயித்துலயா?"

"ரெண்டு கிளாஸ்."

"பீடி?"

நான் டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தேன்.

"சரி, குடிக்கிற. ஞாயித்துக்கிழம வீட்டுல இருக்கைல வயிறு கலங்குதா?"

யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கலங்கியதே இல்லை. அன்றைக்கும் பாலில்லாத அதே கட்டஞ்சாயாதான், அதே பீடிதான்.

"அப்ப சாயாவ மட்டும் சொல்லிக் குத்தமில்ல. இங்கன என்னத்தையோ பாத்துப் பயப்படுற. என்னத்த?"

சொல்ல வெட்கமாக இருந்தது. தோட்டத்து சூப்பர்வைசர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் என்னை மலையாளத்தில் வைதார். என்ன சொன்னார் என்பது பாதிதான் புரிந்தது. எல்லாரும் சிரித்தது முழுதாகப் புரிந்தது. அன்றிலிருந்துதான் இந்த வயிறு. இதை மூன்று நான்கு துண்டாகச் சொல்லி முடித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "அந்தாளு வஞ்சாரு. ஒன் வயிறு அதக் கேட்டுக்கிட்டுக் கெடக்கு. காது கேட்டா மறந்துபோகும், வயிறு கேட்டா மறக்காதுப்பா" என்றார்.

வண்டியில் வந்த மற்றப் பெண்கள், நான் மெலிந்து கிடப்பதைப் பார்த்து, எனக்குக் குடலேற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். குடல் இடம் மாறி மேலே ஏறிவிட்டது, கூடலூரில் ஒருவர் விளக்கெண்ணெய் போட்டு வயிற்றைத் தடவி இறக்கிவிடுவார், கூட்டிப் போகலாம் என்றார்கள். அக்கா கேட்டார், "கொடலு என்ன தேங்கா பறிக்கவா ஏறுது? சும்மா இருங்கடி."

அக்கா சொன்ன வைத்தியத்தில் மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அரைமணி நேரம் முன்னால் எழுந்திரு, வருதோ வரலையோ அவசரமில்லாமல் போய் உட்கார். வெறும் வயிற்றில் சாயா வேண்டாம். பழைய சோற்றைக் கரைத்து, மோர் விட்டு, உப்பும் கறிவேப்பிலையும் கசக்கிப் போட்டுக் குடி. வாரத்தில் இரண்டு நாள் மணத்தக்காளிக் கீரை. சீரகம் கொதித்த தண்ணீர். காராச்சேவு, பச்சை மிளகாய்த் துவையல் இரண்டையும் கொஞ்ச நாள் விட்டுவிடு. மருந்தடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதே. பாலைக் குடித்துப் பார், வயிறு உப்பினால் நிறுத்திவிடு. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒன் வயிறுதான் ஒனக்குச் சொல்லணும், ஊர்க்காரன் வயிறு சொல்லாது என்பார். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் மெல்லுவதைப் பார்ப்பார். "முழுங்காத. ஒன் சோத்த யாரும் பறிக்க வரல."

ஆறேழு மாதத்தில் தினமும் வந்தது வாரத்துக்கு ஒருமுறை ஆனது. முழுதாகப் போகவில்லை. இன்றைக்கும் ஒரு புது இடத்துக்குப் போவதென்றால் முதல்நாள் இரவே வயிறு கேட்கும். ஆனால் வேலையை விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வந்த நாட்களிலும் அக்கா என் முகத்தைப் பார்த்துச் சரியாக நிறுத்திவிடுவார். இரண்டு வருடம் அந்த ஜீப்பே அவரைக் கேலி செய்தது. டிரைவர் அந்த வளைவு வந்தாலே, "எறங்குறீகளாக்கா, இல்ல இன்னைக்கி லீவா?" என்பார். "ஒங்க அப்பன் வீட்டு ரோடா இது, நான் எப்ப வேணா எறங்குவேன்" என்பார் அக்கா.

மூன்றாவது வருடம் மழைக்காலத்தில் அக்கா ஜீப்பை நிறுத்துவது குறைந்தது. எனக்குத் தேவைப்படவில்லை என்பதால் அது எனக்கு உறைக்கவில்லை. ஏலச் செடியில் காய் வேர்ப்பக்கம் தரையோடு கிடக்கும். பகல் முழுவதும் குனிந்துதான் எடுக்க வேண்டும். அக்கா குனிந்தவர் நிமிரும்போது வயிற்றைக் கையால் தாங்குவார். செடி நிரையை விட்டு அடிக்கடி நழுவிப் போவார். போகும்போது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சொல்லாமல் போகிறாரே என்பதுதான் ஒருநாள் எனக்கு விசித்திரமாகப் பட்டது. தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஓடைக்கரையில் டிரம் கழுவப் போனபோது, கீழே புல்லில் ரத்தம் கிடந்தது. சளி கலந்த ரத்தம். மழை இன்னும் கழுவியிருக்கவில்லை. அக்கா அப்போதுதான் அந்த இடத்திலிருந்து ஏறிப் போயிருந்தார்.

மறுநாள் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு ஓர் இரவு முழுவதும் தேவைப்பட்டது.

"சூடுப்பா" என்றார்.

எங்கள் பக்கத்தில் உடம்பில் வரும் பாதி வியாதிக்குப் பெயர் சூடுதான். கண் சிவந்தால் சூடு. ஒன்றுக்குப் போகும்போது எரிந்தால் சூடு. பின்னால் ரத்தம் போனால் மூலச்சூடு. சூடு என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. அக்கா வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தார். துத்தி இலையைச் சின்ன வெங்காயத்தோடு வதக்கித் தின்றார். மாதுளை ஓட்டைக் காயவைத்து இடித்து மோரில் கலக்கிக் குடித்தார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தார். எனக்குச் சொன்ன மோரும் கீரையும் சீரகத் தண்ணீரும் அவருக்கும் நடந்தது. "ஒனக்குக் கேட்டது எனக்குக் கேக்காதா?" என்றார். எனக்குக் கேட்டிருந்ததால் நானும் நம்பினேன்.

ரவிக்கை தோளில் நிற்காமல் சரிய ஆரம்பித்தது. பாதி ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து போவதாக ஒருநாள் தானாகச் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"போனா தெரிஞ்சிரும்."

"யாருக்குக்கா?"

கண்ணாலேயே காட்டினார். எங்கள் ஜீப்பில் தேவாரம் என்ற ஊரைச் சேர்ந்த ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். அக்காவின் ஒரே மகளுக்கு அந்த அம்மா தன் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து பேசி முடித்திருந்தார். பையன் தேவாரத்தில் உரக்கடையில் வேலை பார்த்தான். வைகாசியில் கல்யாணம். அக்காவுக்குப் புருசன் இல்லை. அந்தப் பெண் பிறந்த மறுவருடமே இறந்துவிட்டார். அக்கா மலையேறிச் சம்பாதித்ததெல்லாம் அந்தக் கல்யாணத்துக்காகத்தான்.

"கொடல்ல வியாதின்னு ஒரு சொல்லு அந்தம்மா காதுல விழுந்துச்சுன்னா போதும். ஆத்தாளுக்கு இருக்கது மகளுக்கும் வரும்ணு சொல்லுவாக. ரத்தம் போகுதுன்னா புத்துநோயின்னே முடிவு பண்ணீருவாக. வைகாசி வரைக்கும்தான். முடிஞ்ச மறுநாள் நீயே கூட்டிட்டுப் போ. வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு."

"தொறக்க மாட்டேன்க்கா."

"ஒன்னைய மாதிரி பேசாதவன் இந்த மலையில கெடையாது. அதேன் ஒங்கிட்ட சொன்னேன்."

அது தை மாதம். மாசி முழுவதும் நான் பேசவில்லை. பங்குனியும் பேசவில்லை. அவர் முகம் மஞ்சள் பூத்து வெளுத்துக்கொண்டு வந்தது. ஜீப்பில் ஒருவர், "என்னக்கா, மகளுக்குப் பதிலா நீ மாப்பிள்ளைக்கி மெலியுறியா?" என்று கேட்டார். அக்கா, "பின்ன, சம்பந்தியம்மா எடுத்துத் தர்ற ரவிக்கைக்குள்ள நொழைய வேணாமா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தேவாரத்து அம்மாவும் சிரித்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். அந்த இரண்டு மாதம்தான் அது கனமாக இருந்தது.

சித்திரை பிறந்து சில நாளில், காய் எடுத்துக்கொண்டிருந்த சரிவிலேயே அக்கா மயங்கி விழுந்தார். உருண்டு வந்தவரை ஒரு மரம் தடுத்தது. சூப்பர்வைசர் தோட்டத்து வண்டியைக் கொடுத்தார். என்னை வைத அதே ஆள்தான். "வேகம் கொண்டு போ, வேகம்" என்று கதவைச் சாத்தினார். நானும் தேவாரத்து அம்மாவும் கூடப் போனோம். கம்பத்தில் பார்த்துவிட்டுத் தேனிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது.

டாக்டரம்மா சின்ன வயது. அக்காவின் கண் இமையை இறக்கிப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையேம்மா. எங்கயாவது ரத்தம் போகுதா?"

அக்கா கண்ணைத் திறந்துவிட்டிருந்தார். "அதெல்லாம் இல்லீக. காலையில சாப்பிடல. அதேன் கிறுகிறுன்னு வந்துருச்சு."

"மாசத் தீட்டு அதிகமா போகுதா?"

"இல்லீக."

"வெளிக்கி எப்படிப் போறீங்க?"

"நல்லாப் போகுது. கொஞ்சம் சூடு. அம்புட்டுத்தேன்."

தேவாரத்து அம்மா அக்காவின் தலைமாட்டில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். "அவுக எப்பவுமே இப்பிடித்தேன் டாக்டர், நேரத்துக்குச் சாப்பிட மாட்டாக. வண்டிய நிப்பாட்டி நிப்பாட்டி வெளிக்கி வேற போவாக. எளகுன வயிறு" என்றார்.

"எத்தனை நாளா அப்படி?"

"அது ரெண்டு மூணு வருசமா."

டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. எனக்காக நின்ற வண்டியெல்லாம் அக்கா கணக்கில் சேர்ந்து, இது பழைய இளகின வயிறு என்று ஆகப் போகிறது. குளுக்கோஸ் ஏற்றி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"பொய் சொல்றாக டாக்டர்" என்றேன்.

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களும் திரும்பினார்கள்.

"ரெண்டு மூணு வருசமா வயிறு கலங்குனது எனக்கு. அவுகளுக்கு இல்ல. எனக்காக வண்டிய நிப்பாட்டுனாக. அவுகளுக்கு ஆறேழு மாசமாத்தான். சளியும் ரத்தமுமாப் போகுது. ராத்திரியும் எந்திரிச்சுப் போறாக. நான் பாத்தேன்."

அந்த அம்மாவின் விசிறி நின்றுவிட்டது.

டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் குழாய் விட்டுக் கேமராவில் பார்த்தார்கள். புற்று இல்லை. பெருங்குடலின் உள்பக்கம் வீங்கி, தோல் உரிந்து, நெடுகப் புண்ணாகக் கிடந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் குடல் ஓட்டையாகியிருக்கலாம், பிறகு எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார்.

நான் கதவோரம் நின்றுகொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தான் செய்தோம், எனக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்று கேட்டேன். அவர் என்னையே கேள்வி கேட்டார். உங்களுக்கு ரத்தம் போயிருக்கா? இல்லை. எடை குறைஞ்சுகிட்டே போச்சா? முதலில் மெலிந்தேன், அப்புறம் தேறிவிட்டேன். ராத்திரித் தூக்கத்துல எழுப்பியிருக்கா? இல்லை. காய்ச்சல்? இல்லை.

"உங்க குடல்ல புண்ணே இல்ல. அது சட்டுனு மிரண்டுபோற குடல். பயந்தா, அவசரப்பட்டா, வெறும் வயித்துல டீ குடிச்சா கோவிச்சுக்கும். சாப்பாட்டை ஒழுங்கு பண்ணி, மனசையும் கொஞ்சம் தேத்துனா அடங்கிடும். அந்தம்மா உங்களுக்குச் சொன்னதெல்லாம் சரிதான். ஆனா அவங்களோடது வேற. மோரும் கீரையும் தின்னட்டும், நல்லதுதான். அது மட்டும் அந்தப் புண்ணை ஆத்தாது. மாத்திரை வருசக்கணக்குல சாப்பிடணும். ரத்தம் போனா சூடுன்னு சொல்லிக்கிட்டு வீட்டுல இருக்கக் கூடாது."

அதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தேவாரத்து அம்மா முந்தின நாளே போய்விட்டிருந்தார். போனவர் அங்கே என்ன சொன்னாரோ. மாப்பிள்ளை வீட்டிலிருந்து அக்காவின் கொழுந்தனாரிடம் ஓர் ஆள் வந்து, இந்த வருடம் வேண்டாம், பையனுக்கு நேரம் சரியில்லையாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தச் செய்தியை மகள் வந்து சொல்லிவிட்டு, கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா" என்றேன்.

அக்கா திரும்பினார். கையில் ஊசி குத்தியிருந்ததால் மெதுவாகத்தான் திரும்ப முடிந்தது.

"ஒனக்காக ரெண்டு வருசம் ஊரு முன்னால நாறுனேன். எனக்காக இன்னும் ஒரு மாசம் வாயப் பொத்திக்கிட்டு இருக்க முடியல ஒனக்கு."

நான் நின்றுகொண்டே இருந்தேன். செத்துப் போயிருப்பீர்களே அக்கா என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் சொன்னதை இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அக்கா மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தை மகளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அக்கா மலைக்கு வரவில்லை. தேறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறார், சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் நிழலில் உட்கார்ந்து பழம் தரம் பிரிக்கிற வேலை என்றார்கள். ஒன்றிரண்டு முறை கம்பம் பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் பார்த்தேன். போய்ப் பேசவில்லை. அவர் பார்த்தாரா என்று தெரியாது.

மூன்று வருடம் கழித்து அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் கூடிவந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. ஜீப்பில் எல்லாருக்கும் வந்திருந்தது. தேவாரத்து அம்மாவுக்குக்கூட வந்திருந்தது. முகூர்த்தத்தன்று வேலைக்குப் போகாமல், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, காலையிலிருந்து இரண்டு தடவை வெளிக்கிப் போய்விட்டு, கடைசியில் மண்டபத்துக்குப் போனேன். தாலி கட்டி முடித்திருந்தார்கள். உள்ளே போகாமல் பந்தி நடக்கிற ஹாலின் வாசலில் தூண் பக்கமாக நின்றேன். பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்திருந்தேன்.

கடைசிப் பந்தி. அக்கா வீட்டு ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். பட்டுச்சேலை. கன்னத்தில் சதை வைத்திருந்தது. கை இரண்டும் நிறைய வளையல். முதலில் சாம்பார்ச் சோறு சாப்பிட்டார். பொரியலை ஓரமாக ஒதுக்கி வைத்தார். ரசம் வாங்கினார். அப்புறம் மோருக்குச் சோறு வேண்டும் என்று கையைக் காட்டினார். போட்டவர் கொஞ்சமாகப் போட, இன்னும் போடு என்று இலையைத் தட்டிக் காட்டி வாங்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி, ஒவ்வொரு வாயாக, அவசரமில்லாமல் சாப்பிட்டார். நான் பார்த்த ஆட்களில் அவ்வளவு நிம்மதியாக மோர்ச்சோறு சாப்பிட்டவர் யாரும் கிடையாது.

அப்போது நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் போயிருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றேன். அக்கா பரிமாறுகிற ஆளைக் கூப்பிட்டார். அவர் குரல் அப்படியேதான் இருந்தது, ஹால் முழுவதும் கேட்டது.

"தம்பி, அங்கன ஒருத்தர் நிக்காக பாரு. அவுகளுக்கு ஒரு எலை போடு."

ஒருத்தர். நிக்காக. அவுகளுக்கு. என்னை அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

பரிமாறுகிற பையன் வந்து, "வாங்கண்ணே, உக்காருங்க" என்று எதிர்வரிசையில் ஒரு மூலையில் இலையைப் போட்டான். தண்ணீர் தெளித்தான். நான் உட்கார்ந்தேன். அக்கா அதற்குள் இலையை மடக்கிவிட்டு எழுந்து கை கழுவப் போய்க்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. சோறு வந்தது. சூடாக இருந்தது. மெதுவாக மென்று, பசிக்காமலே, வைத்ததை எல்லாம் சாப்பிட்டு முடித்தேன்.